“இது யாருக்கும் தோணுமே!” – உயிரித்தொழில்நுட்பக் காப்புரிமை கேள்வி பதில்

திருப்பூர்: அண்ணா, சாயக்கழிவில் நிறத்தை உடைக்கும் இரண்டு பாக்டீரியாக்களைச் சேர்த்தோம். இரண்டுமே ஏற்கெனவே தெரிந்தவை. காப்புரிமை கிடைக்குங்களா?

சேர்த்தது மட்டும்தான் என்றால் கிடைக்காது. வெறும் கலவையைக் காப்புரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு தள்ளிவிடும். ஆனால் உங்கள் ஊர்க் கழிவில் உப்பு அதிகம், அங்கேதான் வழி இருக்கலாம். மூன்று குடுவை எடுங்கள். ஒன்றில் முதல் பாக்டீரியா, அடுத்ததில் மற்றது, கடைசியில் இரண்டும். ஒரே கழிவுநீர், ஒரே உப்பு, ஒரே நேரம். முதல் இரண்டும் கருநீலமாகவே நிற்க, மூன்றாவது மட்டும் வெளுத்தால் அதை விண்ணப்பத்தில் எண்களோடு எழுதுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை அளவுக்கே வெளுத்தால், துறையில் சாதாரணத் திறமை உள்ளவர் எதிர்பார்த்ததுதான், காப்புரிமை கிடைக்காது.

அந்தச் சாதாரணத் திறமையாளரின் அறிவு என்பது உங்கள் விண்ணப்பத் தேதிக்கு முன்னால் இருந்த அறிவு. விடை தெரிந்தபின் விடுகதை சுலபம். “இது யாருக்கும் தோணுமே” என்று காப்புரிமை அலுவலக ஆய்வாளர் சொன்னால், அன்றைக்கு ஏன் தோன்றவில்லை என்று காட்டுங்கள். விண்ணப்பிக்கும் வரை யாரிடமும் வெளியிடாதீர்கள்.

கோவை, மாணவி: தெரிந்த புரதம், வழக்கமான முறையில் அதன் மரபணுவைப் பிரித்தேன். காப்புரிமை கிடைக்குமா?

சிரமம்மா. 2009-ல் குபின் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் இப்படிப்பட்டதை, துறையில் உள்ளவருக்குத் தானாகவே தோன்றக்கூடியது என்றே சொன்னது.

ஈரோடு: மஞ்சளுக்கே காப்புரிமை கொடுத்தாங்களே?

1995-ல் புண் ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் கொடுத்தார்கள். நம் அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் காட்டியது. 1997-ல் ரத்தானது.

கோபி: அப்போ அச்சில் இல்லாத எங்க அம்மிச்சி வைத்தியம் போச்சுங்களா?

போகவில்லைங்க. வெளிநாட்டு வாய்மொழி வழக்கம் அன்று அமெரிக்காவில் செல்லாது, அதனால்தான் அச்சு தேவைப்பட்டது. நம் சட்டத்தின் 25-வது பிரிவில், ஒரு சமூகத்தில் வாய்மொழியாக இருக்கும் அறிவைக் காட்டியும் எதிர்க்கலாம். காப்புரிமை தரும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். அம்மிச்சி சொல்வதை இன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கோபி (மறுபடியும்): அப்படின்னா மஞ்சளில் யாருமே எதுவும் வாங்க முடியாதே? எங்க பையன் மஞ்சளில் இருக்கும் குர்குமின் உடம்பில் நல்லா சேர வழி பார்க்கிறான்.

வாங்கலாம். ஆனால் மிளகிலுள்ள பைப்பரின் என்ற பொருள் குர்குமின் உடம்பில் சேர்வதைக் கூட்டும் என்று 1998-லேயே ஆய்வு வந்துவிட்டது. மிளகு சேர்ப்பதுதான் வழி என்றால் வேண்டாம். வேறு பொருளில் கலந்து கொடுத்து, யாரும் எதிர்பார்க்காத அளவு ஏறினால் வரச் சொல்லுங்கள்.

சத்தி: புது நெல் ரகம்?

காப்புரிமை கிடையாது. 2001-ம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் பதியுங்கள்.

நாமக்கல்: கட்டணம்?

தனிநபருக்கு இணையவழியில் விண்ணப்பிக்க 1600 ரூபாய். விண்ணப்பத்தை அலுவலகம் ஆய்வு செய்யும் கட்டணம் தனி.

பெருந்துறை: அண்ணா, போன மாதம் கருத்தரங்கில் போஸ்டர் வைத்துவிட்டேன்…

இன்றைக்கு இதே கதையோடு வந்த மூன்றாவது ஆள் நீங்கள், தம்பி! விண்ணப்பிக்கும் முன் கருத்தரங்கில் வெளியிட்டதற்கு 12 மாத விலக்கு உண்டு, ஆனால் மிகக் குறுகலானது, வெளிநாட்டில் பெரும்பாலும் உதவாது. போஸ்டரையும் தேதியையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே காப்புரிமை முகவரைப் பாருங்கள்.