ஆங்கில மொழியைப் பட்டப்படிப்பாக எடுத்தால் முதல் வருடம் எங்கே சறுக்கும்?

"இலக்கியம் இல்லை, ஆங்கில மொழிதான் முதன்மைப் பாடம். ஆங்கிலம் நன்றாகவே பேசுவேன், எழுதுவேன். முதல் வருடத்தைச் சமாளித்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சமாளிக்கலாம். ஆனால் நன்றாகப் பேசுவேன் என்ற தைரியத்தை மட்டும் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். சரளமாகப் பேசுகிறவர்கள்தான் ஒலிக்குறி எழுதும் தேர்வில், அதாவது உச்சரிப்பை ஒலிக்கு ஒரு குறியாக எழுதிக் காட்டுவதில், முதலில் விழுவார்கள். காதால் கேட்பதை எழுதாமல், மனதுக்குள் ஓடும் ஸ்பெல்லிங்கைப் பார்த்து எழுதுவதுதான் காரணம். (இலக்கியம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அது எளிது என்று நான் சொல்லவில்லை. இது வேறு வேலை, அவ்வளவுதான்.)

பாடநூல்கள் காட்டும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் 44 ஒலியன்கள் (சொல்லுக்குச் சொல் பொருளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள்): மெய் 24, உயிர் 20. மெய் 24இல் 17க்கு வழக்கமான எழுத்து வடிவமே குறி, புதிதாகக் கற்க வேண்டியவை ஏழுதான். பொறி அந்தப் பதினேழுக்குள்ளும் இருக்கிறது. 'யெஸ்' என்ற சொல்லின் முதல் ஒலிக்குக் குறி ஜே வடிவம். ஒய் வடிவத்தை எழுதினால் அது வேறொரு உயிரொலிக்கான குறி, மதிப்பெண் போய்விடும்.

அடுத்து 'சிங்கர்', 'ஃபிங்கர்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி. அந்த உச்சரிப்பிலோ முதலாவதில் 'க்' ஒலியே கிடையாது, 'ங்' முடிந்ததும் நேராக உயிர் வந்துவிடும். இரண்டாவதில் 'ங்'குக்குப் பிறகு 'க்' உண்டு. தமிழ்க் காதுக்கு இது சட்டென்று பிடிபடாது, பழக்கித்தான் ஆக வேண்டும்.

உயிர்களில் அதிகம் பிழை வருவது ஷ்வா என்ற மங்கலான உயிரொலியில். ஆங்கில எழுத்து ஈ-யைத் தலைகீழாகத் திருப்பிய வடிவம்தான் அதன் குறி. 'டு', 'ஃபார்', 'அண்ட்' போன்ற சின்னச் சொற்கள் வாக்கியத்துக்குள் அழுத்தமில்லாமல் வரும்போது அவற்றின் உயிர் பெரும்பாலும் ஷ்வாவாகத் தேய்ந்துவிடும். தனித்தனிச் சொல்லாக எழுதி ஒட்டவைத்தால் வாக்கியம் முழுவதும் தப்பாகும். வாக்கியத்தை வேகமாக மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அழுத்தக் குறி அசைக்கு முன்னால் வரும், உயிரின் தலைக்கு மேல் அல்ல.

நுண்ணிய ஒலிக்குறி, அதாவது மூச்சுக் காற்று போன்ற சின்ன வேறுபாட்டையும் காட்டும் குறி, கேட்டால் இன்னொரு சிக்கல். குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'பின்' என்பதில் ப-வுக்கு அடுத்து மூச்சுக் காற்று வரும், 'ஸ்பின்'இல் வராது என்று விதி சொல்லும். பிராட் என்ற இலவச மென்பொருளில் ஒலிப்பதிவைத் திறந்து, உதடு பிரியும் இடத்திலிருந்து குரல் அதிரத் தொடங்கும் இடம் வரை அளந்து பாருங்கள். பிரிட்டிஷ்காரரின் 'பின்'இல் 50 மில்லிவினாடி, அதற்கு மேலும் வரும். 'ஸ்பின்'இல் 20க்குள் அடங்கிவிடும். தமிழ் பேசுபவரின் 'பின்'இலும் இடைவெளி பெரும்பாலும் குறுகியதே. ஆகவே விதி சொல்கிறதே என்று மூச்சுக் குறியைப் போட்டுவிடாதீர்கள். பதிவில் இருந்தால் போடுங்கள்.

வாக்கிய அமைப்பைப் படிக்கும் தொடரியலில் பலர் மரத்தை, அதாவது எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று காட்டும் கிளைப் படத்தை, முதலில் வரைந்துவிட்டுக் காரணம் தேடுகிறார்கள். சோதனைதான் முதலில். 'ஹி லுக்ட் அப் த வேர்ட்', 'ஹி லுக்ட் அப் த சிம்னி' இரண்டும் பார்வைக்கு ஒரே அச்சு. 'அப்'ஐ கடைசிக்குத் தள்ளுங்கள். 'லுக்ட் த வேர்ட் அப்' நிற்கும், 'லுக்ட் த சிம்னி அப்' நிற்காது. இப்போது 'அப்'புக்கு முன்னால் 'ரைட்' சேருங்கள். 'லுக்ட் ரைட் அப் த சிம்னி' சரி, 'லுக்ட் ரைட் அப் த வேர்ட்' உதைக்கும். ஆக முதல் வாக்கியத்தில் 'அப்' வினையோடு சேர்ந்தது. இரண்டாவதில் 'அப் த சிம்னி' முழுவதும் ஒரே தொகுதி. விடைத்தாளில் இரண்டு சோதனையாவது எழுதிக் காட்டிவிட்டு மரத்துக்குப் போங்கள். மரத்தில் கிளை பிரியும் கணுவில் 'பெயர்த்தொடர்' என்று வகையை எழுதுங்கள், 'எழுவாய்' என்று வேலையை எழுதாதீர்கள். இரண்டையும் சேர்த்தே எழுதும் மரபும் உண்டு. உங்கள் துறை அதைப் பின்பற்றினால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

இடையில் ஒரு புலம்பல். இந்தப் படிப்பை எடுத்தவர் என்று தெரிந்ததுமே விண்ணப்பக் கடிதத்தை நீட்டி "இதைக் கொஞ்சம் திருத்திக் கொடு" என்பவர்களையும், மொழியியல் என்றதும் "எத்தனை மொழி தெரியும்?" என்பவர்களையும் என்ன செய்வது? தாவரவியல் படிப்பவரிடம் யாரும் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதில்லை.

மொழி வரலாற்றுத் தாளில் பழைய ஆங்கிலம் மிரட்டும்: மூன்று பால், நான்கு முக்கிய வேற்றுமை, பெயருக்கேற்ப மாறும் அடைமொழி. வேற்றுமை உருபு நமக்குப் புதிதல்ல என்பதால் பாதிப் பயம் தேவையில்லை. மனப்பாடம் செய்ய வேண்டியது சுட்டுச் சொல்லின் அட்டவணையை. பெயரின் விகுதி குழப்பும் இடத்தில் அதுதான் பெரும்பாலும் வேற்றுமையைக் காட்டிக் கொடுக்கும்.

1066இல் நார்மன்கள் வந்ததால் விகுதிகள் உதிர்ந்தன என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். இங்கிலாந்தின் வடக்குப் பகுதிப் பிரதிகளில் அந்தத் தேய்மானம் அதற்கு முன்பே தெரிகிறது. ஸ்பெல்லிங் குளறுபடிக்கும் ஒற்றைக் காரணம் இல்லை. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அப்போது நெடில் உயிர்களின் பெரும் மாற்றம், அதாவது ஆங்கில நெடில்களின் உச்சரிப்பே இடம் மாறுவது, நடந்துகொண்டிருந்தது, முடிய இன்னும் நெடுங்காலம் இருந்தது. அச்சு பரவப் பரவ எழுத்து உறைந்தது, ஒலி நகர்ந்துகொண்டே போனது.

கடைசியாகத் தரவக ஆய்வு, அதாவது கணினியில் திரட்டிவைத்த பெரிய உரைத் தொகுப்பில் சொற்களைத் தேடி எண்ணுவது. முதல் வருடக் கட்டுரையில் வழக்கமாகக் கோட்டை விடுவது, வெறும் எண்ணிக்கையை ஒப்பிடுவதில். பிரௌன் தரவகம் சுமார் 10 லட்சம் சொற்கள், பிரிட்டிஷ் தேசியத் தரவகம் சுமார் 10 கோடி. ஒரு சொல் முதலாவதில் 40 தடவை, இரண்டாவதில் 2,000 தடவை வந்தால் இரண்டாவதில்தான் அதிகம் என்று எழுதிவிடுவார்கள். 10 லட்சத்துக்கு எத்தனை என்று வகுத்தால் முதலாவதில் 40, இரண்டாவதில் 20. வகுத்த பிறகும் அவசரப்பட்டு அமெரிக்க, பிரிட்டிஷ் வேறுபாடு என்று முடிவு கட்ட முடியாது. பிரௌன் 1961இல் வெளியான அமெரிக்க அச்சு எழுத்து மட்டுமே. மற்றது பல வருடங்கள் பிந்தியது, அதில் பத்தில் ஒரு பங்கு பேச்சு. நாட்டு வேறுபாடுதான் தலைப்பு என்றால் பிரௌனுக்கு ஜோடியாக எல்ஓபி தரவகத்தை எடுங்கள்: அதே 1961, அதே போல ஏறக்குறைய 2,000 சொல் கொண்ட 500 மாதிரிகள், பிரிட்டிஷ் அச்சு.