நிறம் பிடிக்கவில்லை என்றால் டிசைன் தவறா?

"டிசைன் நன்றாக இருக்கிறது, நிறம்தான் பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே மாற்றாதீர்கள். பல நேரம் குறை அந்த நிறத்தில் இருக்காது, பக்கத்து நிறத்தில் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிசின் கோப்லான் நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. வேதியியலாளர் செவ்ரோல் ஆராய்ந்தபோது சாயத்தில் பழுதில்லை. பக்கத்தில் இருந்த நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பை மங்கவைத்தன. நீங்களே செய்து பாருங்கள்: ஒரே சாம்பல் சதுரத்தைக் கறுப்பின் மேலும் வெள்ளையின் மேலும் வையுங்கள். கறுப்பின் மேல் அது வெளிறித் தெரியும்.

அப்புறம், ரசனை வேறு, படிக்க முடிவது வேறு. சிவப்பு ஒருவருக்கு மங்கலம், இன்னொருவருக்கு ஆபத்து. அதில் வாதாட முடியாது. ஆனால் திரையில் சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் (இரண்டில் ஒன்று மற்றதைவிட எவ்வளவு வெளிச்சமானது என்ற அளவு) குறைந்தது 4.5:1 வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.