டெபியன் லினக்ஸ் 12-க்கு மாறியதும் பூட் மெனுவில் விண்டோஸைக் காணோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். டெபியன் 11-லிருந்து 12-க்கு மாறிய பிறகு கிரப் மெனுவில் (கணினியை ஆன் செய்ததும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியலில்) டெபியன் மட்டும்தான் வருகிறது என்கிறீர்கள். உங்கள் விண்டோஸ் வட்டில் பத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பட்டியலில் அதன் பெயர் விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கணினியை ஆன் செய்ததும் டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டுங்கள். கணினியின் சொந்த பூட் பட்டியல் வரும். அதில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்து, தேர்ந்தெடுத்ததும் விண்டோஸ் திறந்தால் கோளாறு கிரப்பில்தான். தம்பியின் லேப்டாப்பிலும் இதேதான் நடந்தது. எஃப்12 போட்டு விண்டோஸ் திறந்ததைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது; கல்லூரி புராஜெக்ட் முழுவதும் அதில் இருந்தது.

வட்டில் வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று தேடி மெனுவில் சேர்ப்பது ஓஎஸ்-புரோபர் என்கிற சின்ன நிரலின் வேலை. அது ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தோடு மற்ற பார்ட்டிஷன்களைத் திறந்து பார்க்கும். அதனால் பாதுகாப்புச் சிக்கல் வரலாம் என்று 2021-ல் வந்த கிரப் 2.06-ல் அதை அணைத்து வைத்துவிட்டார்கள். டெபியனில் அந்த மாற்றம் 12-ஆம் பதிப்போடு வந்து சேர்ந்தது. காரணம் நியாயமானதுதான். ஆனாலும், ஏற்கெனவே இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவரிடம் மேம்படுத்தும்போதே திரையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஈடிசி கோப்புறையில் டிஃபால்ட் என்பதற்குள் கிரப் என்ற கோப்பு இருக்கும். அதை ரூட்டாகத் திறங்கள். கிரப், டிசேபிள், ஓஎஸ், புரோபர் ஆகிய சொற்கள் பெரிய எழுத்தில் அடிக்கோட்டால் இணைந்து, சமக்குறி போட்டு ஃபால்ஸ் என்று முடிகிற வரியைத் தேடுங்கள். முன்னால் ஹேஷ் குறி இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். மேம்படுத்தும்போது பழைய கோப்பையே வைத்துக்கொண்டிருந்தால் அந்த வரியே இருக்காது. நீங்களே கடைசியில் சேர்க்க வேண்டும். சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக் கூடாது. சேமித்த பிறகு, டெர்மினலில் சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டுங்கள். 'ஃபவுண்ட் விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று ஒரு வரி வந்தால் வேலை முடிந்தது.

அந்த வரி வரவில்லையா? ஓஎஸ்-புரோபர் தொகுப்பு நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், சிஸ் கோப்புறையில் ஃபர்ம்வேருக்குள் ஈஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் டெபியன் பயாஸ் என்கிற பழைய பூட் முறையில் இயங்குகிறது. விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்கிற புதிய பூட் முறையில் இருந்தால் இந்த கிரப்பால் அதைத் திறக்க முடியாது. டெபியனை யூஇஎஃப்ஐ-க்கு மாற்றும்வரை எஃப்12 வழியாகவே போய் வாருங்கள்.

கிரப் டாட் சிஎஃப்ஜி கோப்பை நேரடியாகத் திருத்தச் சொன்னால் கேட்காதீர்கள். அடுத்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டிலேயே அது புதிதாக எழுதப்பட்டுவிடும்.

இன்னொன்று: விண்டோஸில் பிட்லாக்கர் (வட்டைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) போட்டிருந்தால், கிரப் வழியாகத் திறக்கும்போது ரெக்கவரி கீ கேட்கக்கூடும். இதையெல்லாம் தொடுவதற்கு முன்பே அந்த 48 இலக்க எண்ணை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.