60:40 தூளில் டிகாஷன் இறங்கவில்லையா?

விலை ஏறியதால் 80:20-லிருந்து (80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி) 60:40 தூளுக்கு மாறினீர்கள், அதிலிருந்து டிகாஷன் இறங்காமல் நிற்கிறது, இறங்கினாலும் கசக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஃபில்டர் மேல் தப்பில்லை. சிக்கரி வெந்நீர் பட்டதும் ஊறிப் பிசுபிசுத்து ஓட்டைகளை அடைத்துவிடும். காபியைவிட அது தண்ணீரில் நிறையக் கரையும். பழைய அளவிலேயே தூள் போட்டால் கசக்கத்தான் செய்யும்.

நாலு ஸ்பூன் போட்ட இடத்தில் மூன்று போடுங்கள், வெந்நீர் 150 மில்லி. தூளை அழுத்தவே வேண்டாம். பரப்பிவிட்டு, ஃபில்டரோடு வரும் குடைக்கம்பியை (காம்பு வைத்த ஓட்டைத் தட்டு) மேலே சும்மா வையுங்கள். முதலில் இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டு அரை நிமிடம் நனையவிட்டு மீதியை ஊற்றுங்கள். அப்படியும் நின்றால் மேல் பாத்திரத்தை ஒருமுறை லேசாகத் தூக்கி வையுங்கள், கீழே அடைபட்ட காற்று வெளியேறும். இரண்டாம் டிகாஷன் மட்டும் இந்தத் தூளில் எதிர்பார்க்காதீர்கள். சிக்கரி பெரும்பாலும் முதல் தண்ணீரிலேயே கரைந்துவிடும், மிஞ்சுவது வெறும் சாயம்.

அடுத்த முறை காபித்தூளையும் சிக்கரியையும் தனித்தனியே வாங்கிக் கலப்பது நல்லது. 350 கிராம் காபிக்கு 150 கிராம் சிக்கரி, அதாவது 70:30. அதைத் தாண்டினால் நிறம் இருக்கும், மணம் இருக்காது. காபியைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள். சிக்கரி ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும் என்பதால் பத்து நாளைக்கு ஆகும் அளவே கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பாக்கெட்டே வாங்குவதானால் விகிதத்தைப் படித்துவிட்டு எடுங்கள். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். 53:47 தூளும் கடையில் கிடைக்கிறது.