நஞ்சுக்கொடிக்கு மட்டும் போற நானோ மருந்து சாத்தியமா?

கர்ப்பத்துல பிரெஷர் ஏறுற பிரீஎக்ளாம்ப்சியாவுக்கு நானோ மருந்து (கண்ணுக்குத் தெரியாத சின்ன துகள்ல வெச்சு குடுக்கிற மருந்து) வந்துடுச்சான்னு கேட்டிருக்கீங்க. எலிகள்ல வேலை செஞ்சிருக்கு, மனுஷங்களுக்கு இன்னும் வரல.

இந்த நோய்ல நஞ்சுக்கொடிக்கு போற ரத்தக்குழாய் சரியா விரியாது, ரத்தம் பத்தாம நஞ்சுக்கொடி ஒரு புரதத்தை அம்மா ரத்தத்துல கொட்டும், அது ரத்தக்குழாயை நல்லா வெச்சிருக்கிற விஇஜிஎஃப்ங்கிற புரதத்தை பிடிச்சு முடக்கிடும், அப்புறம் பிரெஷர் ஏறும், யூரின்ல புரோட்டீன் போகும். லேபெட்டலால் மாதிரி மாத்திரை பிரெஷரை மட்டும்தான் இறக்கும், மூலகாரணத்தை தொடாது, கடைசில பிரசவம் பண்றதுதான் வழி. 28 வாரத்துல அந்த நிலைமை வந்தா குழந்தை என்ன பாடுபடும்னு என்ஐசியூ (பச்சிளம் குழந்தைங்க தீவிர சிகிச்சை வார்டு) வாசல்ல நின்னவங்களுக்குத் தெரியும்.

பென்சில்வேனியா யூனிவர்சிட்டில மைக்கேல் மிட்செல் டீம் 98 விதமான கொழுப்பு நானோ துகளை டெஸ்ட் பண்ணாங்க. இந்த மாதிரி துகள் பெரும்பாலும் லிவருக்குத்தான் ஓடும், ஆனா எல்என்பி 55ங்கிறது நஞ்சுக்கொடிக்கு பழைய ஃபார்முலாவை விட 100 மடங்குக்கு மேல எம்ஆர்என்ஏவை (எந்தப் புரதத்தை செய்யணும்னு செல்லுக்கு சொல்ற குறிப்பு) கொண்டு சேர்த்துச்சு. விஇஜிஎஃப் எம்ஆர்என்ஏவை அதுல வெச்சு ஒரே ஒரு ஊசி போட்டதுல, பிரசவம் வரைக்கும் எலிக்கு பிரெஷர் கட்டுக்குள்ள இருந்துச்சு! 2024 டிசம்பர்ல நேச்சர் ஜர்னல்ல வந்துச்சு.

இப்போதைக்கு, உங்களுக்கு ரிஸ்க் இருந்தா 12 வாரத்துலயே டாக்டர்கிட்ட குறைஞ்ச டோஸ் ஆஸ்பிரின் பத்தி கேட்டுடுங்க, தள்ளிப்போடாதீங்க.