முசுக்கொட்டை இலை: சீன வைத்தியத்தில் அதற்கு என்ன வேலை?

மலேசியாவின் ஈப்போவில் ஒரு சீன மருந்துக் கடையில் பன்னிரண்டு வருடமாக மூலிகை நிறுத்துக் கட்டிக் கொடுக்கிறேன். முசுக்கொட்டை, அதாவது மல்பெரி இலையைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சீனத்தில் இதன் பெயர் 'சாங் யே'.

கேள்வி: அக்கா, பட்டுப்புழு தின்னும் அதே இலையா இது?

மரம் அதேதான், பறிக்கிற காலம்தான் வேறு. புழுவுக்கு இளசாகப் பறிப்பார்கள். மருந்துக்கு, முதல் உறைபனி விழுந்த பிறகு முற்றிய இலையைப் பறித்துக் காயவைப்பார்கள். பனி பட்ட இலைக்குக் குளிர்ச்சி அதிகம், நுரையீரல் சூட்டை அது தணிக்கும் என்பது சீன வைத்தியர்கள் கணக்கு. நல்ல சரக்கு பச்சை கலந்த மஞ்சளாக, சுருண்டு இருக்கும். அடிப்பக்கம் நரம்புகள் வலை மாதிரி புடைத்துத் தெரியும். விரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும். நொறுங்காமல் வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது, வாங்காதீர்கள்.

கேள்வி: ஒரு வாரமாக இருமல், தொண்டை வறட்சி, லேசான தாகம். காய்ச்சல் பெரிதாக இல்லை. இது கேட்குமா?

இந்த இலைக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது. 1798-இல் வூ ஜூதோங் என்ற மருத்துவர் எழுதிவைத்த 'சாங் ஜூ யின்' கஷாயம் இதற்குத்தான். முசுக்கொட்டை இலை, சாமந்திப் பூ, புதினா, அதிமதுரம், நாணல் வேர் என்று மொத்தம் எட்டுச் சரக்கு. இரண்டு கோப்பைத் தண்ணீரை ஒரு கோப்பையாகச் சுண்டவைத்து, நாளுக்கு இரண்டு வேளை. ஆனால் அதில் ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பும் சேரும். அளவு தப்பினால் அது விஷம். அதனால் முழுக் கஷாயத்தை சின்சே, அதாவது சீன வைத்தியர், நாடி பார்த்து எழுதித் தரட்டும். வீட்டில் இலை 5 கிராம், சாமந்திப் பூ கொஞ்சம் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதும். இலையின் வழக்கமான அளவு நாளுக்கு 5 முதல் 10 கிராம். இருமல் விடாமல் இழுத்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எனக்குக் குளிர் நடுக்கம், மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறது. நானும் குடிக்கலாமா?

வேண்டாம். உங்களுடையது குளிர் சளி, இது குளிர்ச்சியான இலை. இஞ்சிதான் உங்களுக்கு. அடிக்கடி வயிறு இளகுகிறவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை. மல்பெரி டீ குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார்களே?

விடக் கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

இலையில் டீஆக்சிநோஜிரிமைசின் என்று ஒரு பொருள் இருப்பது உண்மை. சோற்று மாவைச் சர்க்கரையாக உடைக்கிற குடல் நொதியை அது தடுக்கும். அதனால் சாப்பிட்டதும் சர்க்கரை சட்டென்று ஏறாது. சர்க்கரை நோய்க்கு டாக்டர்கள் கொடுக்கும் அகார்போஸ் மாத்திரை செய்யும் வேலையும் இதேதான். 2020-இல் சீனா சர்க்கரை நோய்க்கு ஒரு முசுக்கொட்டை மாத்திரையை அனுமதித்தது. ஆனால் அது கிளையிலிருந்து பிரித்தெடுத்தது, அளவு கட்டுப்படுத்தியது. நம் கோப்பையில் எவ்வளவு இறங்குகிறது என்று யாரும் அளப்பதில்லை. அப்புறம், பழைய மருத்துவர்கள் இலையை முக்கியமாக இருமலுக்கும் கண்ணுக்கும்தான் கொடுத்தார்கள்.

அம்மா குடிக்க ஆசைப்பட்டால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டோடு குடிக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் சர்க்கரை தாழ்ந்துபோகவும் வாய்ப்புண்டு. அப்போது சீனியை விடக் குளுக்கோஸ் கொடுப்பது நல்லது. சீனியை உடைப்பதும் அதே வகை நொதிதான், அதனால் தாமதமாகும்.

கேள்வி: கண் எரிச்சலுக்கு இலைத் தண்ணீர் விட்டுக் கழுவலாமா?

கழுவுகிற வழக்கம் சீன வைத்தியத்தில் உண்டு, ஆனால் வீட்டில் காய்ச்சிய தண்ணீரைக் கண்ணுக்குள் விடாதீர்கள். ஆறவைத்து, துணியில் நனைத்து மூடிய இமைமேல் வையுங்கள். வயதானவர்களின் கண் வறட்சிக்கும் தலைச்சுற்றலுக்கும் இலையையும் கருப்பு எள்ளையும் பொடித்துத் தேனில் பிடித்த உருண்டை உண்டு, 'சாங் மா வான்' என்று கேளுங்கள். எங்கள் கடைக்கு ஒரு பாட்டி இதற்காகவே மாதம் தவறாமல் வருவார்.

கேள்வி: ஓசூர்ப் பக்கம் பட்டு விவசாயிகளிடம் இலை நிறையக் கிடைக்கிறது. பறித்துக் காயவைக்கலாமா?

பறிக்கலாம். தோட்டத்துக்கு மருந்து அடித்தார்களா, அடித்து எத்தனை நாள் ஆனது என்று முதலில் கேளுங்கள். உறைபனிக்கு அங்கே வழியில்லை, அதனால் மார்கழியில் முற்றிய இலையாகப் பாருங்கள். நன்றாகக் கழுவி, நிழலில், ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள்.