கற்காலப் பாடமும் கடைசி பெஞ்சும்: சில கேள்விகள், பதில்கள்

ஆறாம் வகுப்புக்குக் கற்காலம் நடத்தும் ஆசிரியர்கள் கேட்டவை. இருபது வருடமாக அதே பாடத்தோடு மல்லுக்கட்டுபவன் என்பதால் நான் பதில் சொல்கிறேன்.

சார், ‘15 லட்சம் ஆண்டுகள்’ என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறுவதில்லை. என்ன செய்வது?

ஒரு கயிறு எடுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் என்று கணக்கு. சென்னைக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகளுக்கு (கையில் பிடித்து வெட்டும் கற்கருவிகள்) 15 மீட்டர் வேண்டும். வகுப்புக்குள் அடங்காது, வராந்தாவுக்குப் போக வேண்டியதுதான். கீழடி எங்கே? ‘இன்று’ என்று வைத்த நுனியிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் சொச்சத்தில். பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். ஒரு முறை ஒரு பையன், “அப்போ டைனோசர் எங்க சார்?” என்றான். கடைசி டைனோசருக்கு 660 மீட்டர்! கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். ஆதிமனிதன் டைனோசரை விரட்டும் கார்ட்டூனை அதற்குப் பிறகு யாரும் நம்பவில்லை.

ஸ்மார்ட் போர்டில் அரை மணி நேர ஆவணப்படம் போட்டேன். கடைசி பெஞ்ச் தூங்கிவிட்டது.

நானாக இருந்தாலும் தூங்கியிருப்பேன். மூன்று நிமிடத் துண்டு போதும். கல்லால் கல்லைத் தட்டிச் செதுக்கும் காட்சியை முதலில் சத்தமில்லாமல் போடுங்கள். ஏன் விளிம்பிலேயே தட்டுகிறார் என்று அவர்களே ஊகிக்கட்டும். அப்புறம் திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் போடுங்கள். ‘ணங்’ என்றால் நல்ல கல், ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல். சந்தையில் பாட்டி பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவாரே, அதே வித்தைதான்.

குகை ஓவியங்களை எப்படிக் காட்டுவது?

லைட்டை அணைத்துவிட்டு. பிரான்ஸின் லாஸ்கோ குகையில் வரைந்தவர்களுக்கு வெளிச்சம் தந்தது விலங்குக் கொழுப்பு எரியும் கல் விளக்கு. 1994இல் கண்டுபிடித்த ஷோவே குகையில் எட்டுக் கால் காட்டெருமை ஒன்று இருக்கிறது. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, செல்போன் டார்ச்சின் முன் விரல்களை ஆட்டுங்கள். கால்கள் ஓடுவது போலிருக்கும்! எட்டுக் கால் எதற்கு என்று நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

எங்கள் பள்ளியில் புரொஜெக்டரே இல்லையே?

சின்ன ஸ்பீக்கர் இருக்கிறதா? ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008இல் ஐந்து துளைகளோடு ஒரு குழல் கிடைத்தது. பிணந்தின்னிக் கழுகின் எலும்பில் செய்தது, வயது 35,000 ஆண்டுக்கு மேல். அதன் மாதிரிகளை ஊதிய பதிவுகள் இணையத்தில் உண்டு. கண்ணை மூடச் சொல்லிப் போடுங்கள். எந்தக் காலத்து இசை என்பதைக் கடைசியில் சொல்லுங்கள்.

பிள்ளைகளையே கல் செதுக்க விடலாமா?

கூடவே கூடாது. சில்லு பிளேடு மாதிரி இருக்கும், கண்ணில் தெறிக்கும். குளியல் சோப்பும் ஐஸ் குச்சியும் கொடுங்கள்.

சென்னைப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?

திருவள்ளூர் பக்கத்துப் பூண்டியில் தொல்பழங்காலத்துக்கென்றே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாதென்றால் பல்லாவரம். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கைக்கோடரியைக் கண்டெடுத்தது அங்கேதான். உங்கள் வகுப்பில் பாதிப் பேர் தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் வருவார்கள்.